அயர்லாந்து கோப்பை இறுதிப் போட்டி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

2021 நவம்பர் 28. டப்ளினில் நல்ல குளிர். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், "கூட வந்தவன் கடைசி நேரத்தில் வரவில்லை, நீ வா" என்று ஒரு டிக்கெட்டை நீட்டினார். கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உலகக் கோப்பை சமயத்தில் கற்றுக்கொண்டதுதான். சாயங்காலம் வீடு திரும்பியபோது தொண்டை கட்டியிருந்தது. அதிலிருந்து கிடைத்தவர்களையெல்லாம் பிடித்து அந்த ஆட்டத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களும் சலிக்காமல் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

"அயர்லாந்து கப் ஃபைனல்"னு சொல்றியே, எந்த கப்பு?

நியாயமான கேள்வி. அந்தத் தீவில் இரண்டு கோப்பைகள் உண்டு. ஐரிஷ் கப் என்ற பெயருக்குச் சொந்தமானது பெல்ஃபாஸ்டில் இருக்கும் சங்கம் நடத்துவது. 1880-81இல் தொடங்கியது. 1921இல் டப்ளின்காரர்கள் பிரிந்து எஃப்.ஏ.ஐ. என்று தனிச் சங்கம் அமைத்தார்கள். அடுத்த வருடமே அவர்களுக்கென்று ஒரு கோப்பையும் வந்துவிட்டது. அதுதான் எஃப்.ஏ.ஐ. கோப்பை.

நான் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி. ஆனால் மூச்சு நின்றுபோகும் இறுதிப் போட்டிகள் வடக்கிலும் உண்டு. 2025இல் டங்கனன் ஸ்விஃப்ட்ஸ் என்ற சின்ன ஊர் அணி, க்ளிஃப்டன்வில்லோடு 1-1 என்று முடித்து, பெனால்டியில் (கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க, இரண்டு அணியும் மாறி மாறி உதைப்பது) 4-3 என்று வென்று, தன் வரலாற்றிலேயே முதல் முறையாக ஐரிஷ் கப்பைத் தூக்கியது.

கையால பந்தைப் பிடிச்சுட்டு ஓடுவாங்களே, அந்த ஃபுட்பாலா?

இல்லை. அது கேலிக் ஃபுட்பால், வேறு விளையாட்டு. அதன் பெரிய ஆட்டங்கள் எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் குரோக் பார்க்கில் நடக்கும். அயர்லாந்தில் சிலரிடம் 'ஃபுட்பால்' என்றால் அதைத்தான் நினைப்பார்கள், இதைச் 'சாக்கர்' என்பார்கள். நீங்கள் பேசிக்கொண்டிருப்பவர் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, அந்த ஆட்டத்துல மோதினது யாரு?

இரண்டுமே டப்ளின் அணிகள். ஒன்று போஹீமியன்ஸ், 1890இல் தொடங்கியது. ஊரில் சுருக்கமாக 'போஸ்' என்பார்கள். (நேதாஜி ஞாபகம் வருகிறது என்று சொன்னவர்கள் மூன்று பேர். நான்காவது ஆள் நீங்களாக இருக்க வேண்டாம்.) சிவப்பும் கறுப்பும் அவர்கள் நிறம். லிஃபி ஆற்றுக்கு வடக்கே ஃபிப்ஸ்பரோவில் இருக்கும் டேலிமவுன்ட் பார்க் அவர்களுடைய மைதானம். பாப் மார்லி 1980இல் பாடியது இங்கேதான். கிளப் முழுக்க முழுக்க உறுப்பினர்களுக்கே சொந்தம், முதலாளி என்று ஒருவர் கிடையாது.

இன்னொன்று செயின்ட் பாட்ரிக்ஸ் அத்லெட்டிக், சுருக்கமாக 'பாட்ஸ்'. எனக்குக் கிடைத்த டிக்கெட் இவர்கள் பக்கம். 1929இல் தொடங்கியது. சிவப்பும் வெள்ளையும். ஆற்றுக்குத் தெற்கே இஞ்சிகோரில், வரிசை வீடுகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருக்கும் ரிச்மண்ட் பார்க் அவர்கள் இடம். முதல் முறை போகும் ஆள் அதன் வாசலைக் கண்டுபிடிக்காமல் இரண்டு முறை கடந்து போவார். நான் மூன்று முறை கடந்து போனேன்.

ஸ்கோர் 1-1 தானே? இதுல என்னப்பா இருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்தான் அதிகம். 90 நிமிடம் ஒரு கோல்கூட இல்லை என்று சொன்னால் பாதிப் பேர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கோல் இல்லாத 90 நிமிடம் என்றால் ஒன்றும் நடக்காத 90 நிமிடம் என்று அர்த்தமில்லை. லீக் ஆட்டத்தில் 0-0 என்றால் ஆளுக்கு ஒரு புள்ளி எடுத்துக்கொண்டு போகலாம். இறுதிப் போட்டியில் அப்படிப் போக முடியாது. ஒவ்வொரு நிமிடம் போகப் போக, இனிமேல் விழும் ஒரு கோலின் எடை கூடிக்கொண்டே போகும். எழுபதாவது நிமிடத்தில் என் பக்கத்தில் இருந்த சக ஊழியர் பாடுவதை நிறுத்தினார். எண்பதில் பேச்சையும் நிறுத்தினார். அதற்குப் பிறகு, பந்து எங்கள் பக்கப் பெனால்டி கட்டத்துக்குள் வரும்போதெல்லாம் என் தோளைப் பிடித்தார். அதற்கு முன்னால் எனக்கு அவரோடு "குட் மார்னிங்" அளவுக்குத்தான் பழக்கம்.

கோல் எப்போ விழுந்துச்சு?

90 நிமிடமும் சமமாக முடிந்ததால் எக்ஸ்ட்ரா டைம். அது 15 நிமிடம், 15 நிமிடமாக இரண்டு பாதி. முதல் பாதி முடியப்போகிற நேரம், 105ஆவது நிமிடம், பாட்ஸின் கிறிஸ் ஃபாரெஸ்டர் கோல் போட்டார். எங்கள் பக்கம் முழுக்க எழுந்து, விழுந்து, யார் யாரையோ கட்டிப்பிடித்து, கீழே விழுந்த கண்ணாடியைத் தேடி, அப்புறம் நிமிர்ந்து பார்க்கிறோம். 107ஆவது நிமிடம். போஸின் ரோரி ஃபீலி திருப்பிப் போட்டுவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஃபாரெஸ்டர் பெரிய அணி ஆட்டத்தைத் தொடங்கியதே போஸில். ஃபீலி அதற்கு முன்னால் பாட்ஸுக்கு ஆடியவர். ஆளுக்கு ஒரு கோல், அதுவும் பழைய வீட்டுக்கு எதிராக. சின்ன லீக்கில் இது சகஜம். இருக்கிற ஆட்டக்காரர்களே ஊருக்குள் சுற்றிச் சுற்றி வருவார்கள். போன வருடம் நீங்கள் பெயர் சொல்லிப் பாடிய ஆள்தான் இந்த வருடம் உங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்.

பெனால்டில யாரு ஜெயிச்சா?

பாட்ஸ், 4-3. கடைசி உதையை உதைத்து முடித்து வைத்தவர் ராபி பென்சன். போஸ் உதைத்தபோதெல்லாம் பாட்ஸுக்காகக் கோலில் நின்றவர் விதெஸ்லாவ் யாரோஷ் என்ற செக் நாட்டுப் பையன், அப்போது அவருக்கு வயது 20. லிவர்பூலிலிருந்து ஒரு சீசனுக்குக் கடனாக வந்தவர். பின்னால் 2024இல் லிவர்பூலுக்காகப் பிரீமியர் லீக்கில் இறங்கினார். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் வேலை நடக்கவில்லை. "எங்க பையன்" என்று சொல்லாத பாட்ஸ் ரசிகர் கிடையாது. இருந்தது ஒரே ஒரு சீசன்தான், ஆனாலும் எங்கள் பையன்.

பெனால்டின்னா லாட்டரி மாதிரிதானே? திரும்ப ஒரு மேட்ச் வைக்கலாமே?

முன்னெல்லாம் அப்படித்தான் வைத்தார்கள். 1999இல் ப்ரே வாண்டரர்ஸும் ஃபின் ஹார்ப்ஸும் மோதிய இறுதிப் போட்டி 0-0. மறு ஆட்டம் வைத்தார்கள், எக்ஸ்ட்ரா டைம் முடிந்து 2-2. மூன்றாவது ஆட்டத்தில்தான் ப்ரே 2-1 என்று வென்றது. மூன்றும் டப்ளினில். ப்ரேக்காரர்களுக்கு டப்ளின் பக்கத்து ஊர், ரயிலேறினால் வந்துவிடலாம். ஃபின் ஹார்ப்ஸ் ரசிகர்கள் நாட்டின் வடமேற்கு மூலையான டொனகாலிலிருந்து மூன்று முறை வந்து, மூன்றாவது முறை வெறுங்கையோடு திரும்பினார்கள். 'இன்னொரு ஆட்டம் வைத்தால் நியாயம்' என்பவர்கள் அந்தப் பேருந்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

லாட்டரி என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2010இல் ஸ்லைகோ ரோவர்ஸும் ஷாம்ராக் ரோவர்ஸும் 0-0. பெனால்டியில் ஸ்லைகோ கோல்கீப்பர் கியரன் கெல்லி எதிரணி அடித்த நான்கையும் தடுத்தார், நான்கையும்! ஸ்லைகோ 2-0 என்று வென்றது. லாட்டரிச் சீட்டு ஒரே ஆளுக்கு நான்கு முறை வரிசையாக விழாது.

மைதானத்துல எவ்வளவு பேர் இருந்தாங்க? நிஜமாவே கூட்டமா?

37,126 பேர். இடம் அவீவா ஸ்டேடியம், 2010இல் திறந்தது. ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் கொள்ளும். நாட்டின் ரக்பி அணியும் கால்பந்து அணியும் ஆடுகிற இடம் அது. ஒரு பக்கம் மட்டும் கூரை தாழ்ந்து இருக்கும். பின்னால் இருக்கும் வீடுகளுக்கு வெயில் மறையக் கூடாது என்று அப்படிக் கட்டினார்கள். டப்ளினில் வெயில் எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்காரர்கள் ஏன் அடம்பிடித்தார்கள் என்பதும் புரியும்.

2020 இறுதிப் போட்டி கொரோனாவால் காலி ஸ்டேடியத்தில் நடந்தது. டன்டால்க் 4-2 என்று ஷாம்ராக் ரோவர்ஸை வென்ற அருமையான ஆட்டம், கைதட்ட ஆளில்லை. 2021இல் வந்த கூட்டத்துக்கு அந்தப் பசியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அப்போ வாராவாரம் இப்படித்தான் கூட்டம் வருமா?

வராது. டேலிமவுன்டிலும் ரிச்மண்டிலும் இடமே சில ஆயிரம் பேருக்குத்தான். நல்ல நாளில் அது நிரம்பும். மிச்சப் பேர் எங்கிருந்து வந்தார்கள் என்றால், அதற்கு அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு தனி அகராதியே இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் மழையில் நனைந்து உள்ளூர் அணியைப் பார்க்கிறவர் ஒரு வகை. பப்பில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இங்கிலாந்து லீக்கை டிவியில் பார்க்கிறவர் இன்னொரு வகை, அவருக்குப் பெயர் 'பார்ஸ்டூலர்'. இது செல்லப் பெயர் இல்லை.

இந்த லீக்கை அதன் ரசிகர்களே 'உலகத்திலேயே மிகப் பெரிய லீக்' என்பார்கள். மின்விளக்கு அணைந்து ஆட்டம் நின்றுபோனாலோ, கிளப்பில் பணம் தீர்ந்துபோனாலோதான் இந்த வார்த்தை அதிகம் வெளியே வரும். கிண்டலாகச் சொல்வதுதான். ஆனால் அதையே வெளியாள் ஒருவர் கிண்டலாகச் சொன்னால் முகம் மாறிவிடும். எனக்கு அனுபவம் உண்டு.

அப்போ ஃபைனலுக்கு மட்டும் வர்றவங்களைப் பார்த்து இவங்களுக்குக் கோபம் வராதா?

கொஞ்சம் வரும். 'நாங்கள் கொட்டுகிற மழையில் நின்றபோது எங்கே போனாய்' என்ற பார்வை இருக்கும். ஆனால் அன்றைக்கு என் பக்கத்தில் இருந்த வயதான பாட்ஸ் ரசிகர் ஒருவர், நான் முதல் முறை வருகிறேன் என்றதும் தன் பையிலிருந்து ஒரு கூடுதல் மஃப்ளரை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டார். திருப்பித் தரப் போனபோது வாங்கவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

தோத்தா தோத்தாங்க, இதுக்கா இவ்வளவு அழுகை?

போஸ் ரசிகர்கள் அழுததற்கு மூன்று காரணம் சொல்வேன். அவர்கள் கடைசியாக இந்தக் கோப்பையை வென்றது 2008. அதற்குப் பிறகு கிளப் கடனில் மூழ்கி, ரசிகர்களே இழுத்துக் கரையேற்றினார்கள். கிளப் உறுப்பினர்களுக்குச் சொந்தம் என்று மேலே சொன்னேனே, அதன் அர்த்தம் தோல்வியும் அவர்களுக்கே சொந்தம் என்பது.

இரண்டாவது, அந்தக் கோடைக்காலம். 2021இல் ஐரோப்பியத் தகுதிச் சுற்று ஆட்டங்களை போஸ் இதே அவீவாவில் ஆடியது. ஐஸ்லாந்தின் ஸ்டியார்னன் அணியை 3-0, லக்ஸம்பர்கின் டூடலாஞ்சை 3-0, கிரேக்கத்தின் பாஓக்கை 2-1. மூன்று ஆட்டம், மூன்று வெற்றி. பாஓக்கிடம் கிரேக்கத்தில் ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறினாலும், 'அவீவா எங்கள் ராசியான இடம்' என்ற நினைப்பு அவர்களுக்கு வந்துவிட்டது. அந்த இடத்திலேயே அடி விழுந்தது.

மூன்றாவதுதான் பெரியது. அந்த வருடம் லீக்கில் போஸ் ஐந்தாம் இடம். அடுத்த வருடம் ஐரோப்பியப் போட்டிக்குப் போக அவர்களுக்கு இருந்த ஒரே வழி இந்தக் கோப்பை. அதற்குப் போனால் வரும் பணம் ஒரு சின்ன கிளப்பின் ஒரு வருடத்தையே மாற்றிப்போடும். பெனால்டி உதைக்க நடந்து போன பையன் தோளில் இதெல்லாம் உட்கார்ந்திருந்தது.

பாட்ஸ் ஜெயிச்சதுக்கு டெர்ரிக்காரங்க ஏன் குதிச்சாங்க?

இது கொஞ்சம் கணக்கு. லீக்கில் முதல் மூன்று இடத்துக்கும் கோப்பை வென்றவருக்கும் ஐரோப்பிய இடம் உண்டு. கோப்பை வென்றவர் ஏற்கனவே முதல் மூன்றில் இருந்தால், அந்த இடம் நான்காம் அணிக்கு இறங்கிவரும். பாட்ஸ் லீக்கில் இரண்டாம் இடம். நான்காம் இடம் டெர்ரி சிட்டி. ஆக பாட்ஸ் வென்றால் டெர்ரிக்கு ஐரோப்பா, போஸ் வென்றால் ஒன்றுமில்லை.

ஆட்டத்திலேயே இல்லாத ஓர் ஊர், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் டிவி முன்னால் உட்கார்ந்து அன்றைக்கு ஒரு நாள் மட்டும் பாட்ஸ் ரசிகர்களாக மாறியிருந்தது. பென்சன் உதைத்த அந்தப் பந்து இரண்டு ஊரைச் சிரிக்க வைத்தது.

டெர்ரி இங்கிலாந்து ஆட்சியில இருக்கிற ஊர் ஆச்சே? இங்க எப்படி ஆடுறாங்க?

ஆமாம், டெர்ரி வட அயர்லாந்தில்தான் இருக்கிறது, பிரிட்டன் ஆட்சிக்கு உட்பட்டது. கலவரக் காலத்தில் அவர்கள் மைதானத்துக்கு வர மற்ற அணிகள் மறுத்தன. 1972இல் வடக்கு லீக்கை விட்டு வெளியேறினார்கள். பல வருடம் பெரிய லீக் எதிலும் இல்லாமல் இருந்துவிட்டு, 1985இல் தெற்கு லீக்கில் சேர்ந்தார்கள். 1989இல் லீக், எஃப்.ஏ.ஐ. கோப்பை, லீக் கோப்பை மூன்றையும் ஒரே சீசனில் வாரிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் ஆட்டம்.

நவம்பர் குளிர்ல ஏன் ஃபைனல் வைக்கிறாங்க? மே மாசம் வைக்கலாமே?

இங்கிலாந்தில் மே மாதம் வைக்கிறார்கள் என்பதால் வரும் கேள்வி. 2003இலிருந்து இங்கே லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தோடு முடிகிறது. கோடையில் ஐரோப்பியத் தகுதிச் சுற்று வரும்போது ஆட்டக்காரர்கள் சூடாக இருப்பார்கள் என்பது ஒரு கணக்கு. அதனால் இறுதிப் போட்டி சீசனின் கடைசி நாள். முடிந்தபின் பிப்ரவரி வரை ஆட்டமே கிடையாது. தோற்றவர்கள் அந்தக் குளிர்காலம் முழுக்க அதையே மென்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தப் புகை, தீப்பந்தம் எல்லாம் என்ன? பட்டாசா?

'ஃப்ளேர்' என்பார்கள். சிவப்புப் புகை, கண் கூசும் வெளிச்சம். மைதானத்துக்குள் கொண்டுவர அனுமதி கிடையாது, ஆனாலும் எப்படியோ வந்துவிடும். பார்க்க அழகு, பக்கத்தில் நின்றால் இருமல். குழந்தைகளைக் கூட்டிப் போனால் கோலுக்குப் பின்னால் இருக்கும் வரிசைகளில் உட்காராதீர்கள்.

வரலாற்றிலேயே நெருக்கமான ஃபைனல் இதுதானா?

சொல்ல மாட்டேன். நான் நேரில் பார்த்தது இது, அவ்வளவுதான். கார்க் ரசிகரிடம் கேட்டால் சிரிப்பார். 2015இலிருந்து நான்கு வருடம் தொடர்ந்து இறுதிப் போட்டி கார்க் சிட்டிக்கும் டன்டால்க்குக்கும்தான். 2015இல் 107ஆவது நிமிடம் ரிச்சி டவல் கோல், டன்டால்க் 1-0. 2016இல் 120ஆவது நிமிடம் ஷான் மக்வயர் கோல், கார்க் 1-0. நடுவர் விசிலை வாயில் வைக்கப்போகும் நேரம் அது, பாதிப் பேர் பெனால்டிக்கு மனதைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். 2017இல் 1-1, பெனால்டியில் கார்க் 5-3. நான்காவது வருடம்தான் ஒருவழியாக 90 நிமிடத்தில் முடிந்தது, டன்டால்க் 2-1. அந்த இரண்டு ஊர் ரசிகர்களுக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து அலுத்திருக்கும்.

என்னைக் கேட்டால் 2019ஐச் சொல்வேன், வீடியோவில்தான் பார்த்தேன் என்றாலும். ஷாம்ராக் ரோவர்ஸுக்கும் டன்டால்க்குக்கும் கோலில்லாத ஆட்டம். 89ஆவது நிமிடம் ஆரன் மெக்கெனெஃப் பெனால்டி அடித்து ரோவர்ஸ் முன்னால் போகிறது. காயத்துக்கான கூடுதல் நிமிடங்களில் மைக்கேல் டஃபி சமன் செய்கிறார். கடைசியில் பெனால்டியில் ரோவர்ஸ் 4-2. அவர்கள் இதற்கு முன் வென்றது 1987இல். அதே 1987இல்தான் அவர்களுடைய மில்டவுன் மைதானம் கைவிட்டுப் போனது. 2009இல் டாலாவில் புது மைதானம் கிடைக்கும்வரை கிளப் இடம் மாறி இடம் மாறி ஆடியது. அப்பா தோளில் உட்கார்ந்து 1987ஐப் பார்த்த பிள்ளை, தன் பிள்ளையோடு 2019ஐப் பார்த்திருப்பான். டஃபியின் கோலுக்கும் கடைசிப் பெனால்டிக்கும் நடுவே அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் ஃபைனல்ல துப்பாக்கி எடுத்தாங்களாமே, நிஜமா?

1922. கின்னஸ் தொழிற்சாலைக்காரர்களின் அணியான செயின்ட் ஜேம்ஸஸ் கேட், ஷாம்ராக் ரோவர்ஸோடு 1-1. மறு ஆட்டத்தில் 1-0 என்று கேட் வென்றது. கோபம் கொண்ட ரோவர்ஸ் பக்கத்தினர் உடைமாற்றும் அறைக்குள் புகுந்தார்கள் என்றும், கேட் அணி ஆட்டக்காரர் ஒருவரின் சகோதரர் துப்பாக்கியை எடுத்துக் காட்டியதும் எல்லாரும் கலைந்தார்கள் என்றும் கதை சொல்வார்கள். நாடே உள்நாட்டுப் போரின் விளிம்பில் இருந்த வருடம் அது. டப்ளின் பப்புகளில் இந்தக் கதையில் துப்பாக்கியின் எண்ணிக்கை இரவு ஏற ஏறக் கூடும். நான் கேட்டவரை அதிகபட்சம் மூன்று.

ஜெயிச்ச கையோட கோச் ஓடிட்டாராமே?

பாட்ஸ் மேனேஜர் ஸ்டீஃபன் ஓ'டானல், கோப்பை வென்ற சில நாட்களிலேயே டன்டால்க்குக்குப் போனார். அவர் முன்பு ஆட்டக்காரராக இருந்து பெயர் வாங்கிய கிளப் அது. ரசிகர்களுக்குச் சுருக்கென்று இருந்தது உண்மை. கொண்டாட்டத்தின் தலைவலியே தீரவில்லை, அதற்குள் இந்தச் செய்தி. என் சக ஊழியர் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாம் நாள், "கோப்பை இங்கேதானே இருக்கிறது" என்றார். இதற்கு மேல் அவரிடம் நான் தோண்டவில்லை.

போஸ் பழி வாங்கினாங்களா இல்லையா?

வாய்ப்பு கிடைத்தது. 2023 நவம்பர் 12, அதே அவீவா, அதே இரண்டு அணி. இந்த முறை 43,881 பேர். அவீவாவில் இந்தக் கோப்பைக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததே இல்லை. ஒன்பதாவது நிமிடத்தில் ஜானதன் அஃபோலாபி பெனால்டி அடித்து போஸ் முன்னால் போனது. 'ஆஹா, இன்றைக்கு முடிந்தது' என்று அந்தப் பக்கம் ஆடிய ஆட்டத்தில் மேல் அடுக்கே அதிர்ந்தது. அப்புறம் பாட்ஸ் மூன்று போட்டு 3-1 என்று முடித்துவிட்டது. மேலே சொன்ன மூன்று காரணங்களோடு நான்காவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2021ஐவிட இந்தத் தோல்வி அவர்களுக்கு வலித்ததா என்று இரண்டு போஸ் ரசிகர்களிடம் கேட்டேன். ஒருவர், "3-1ல் தோற்றால் தூக்கம் வரும், பெனால்டியில் தோற்றால் வராது" என்றார். மற்றவர் எழுந்து போய்விட்டார்.

நீ பாட்ஸ் ரசிகனா ஆனது டிக்கெட் கிடைச்சதாலதானே? போஸ் பக்கம் டிக்கெட் கிடைச்சிருந்தா?

போஸ் ரசிகனாகியிருப்பேன், சந்தேகமே இல்லை. அந்த மஃப்ளர் சிவப்பு-கறுப்பாக இருந்திருக்கும். இதை ஒளிக்க எனக்கு வெட்கமில்லை. அங்கே பிறந்தவர்களே தெரு எந்தப் பக்கம் என்பதை வைத்தும், அப்பா யாரைப் பார்த்தார் என்பதை வைத்தும்தான் அணி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெருவும் இல்லை, அப்பாவும் பார்த்ததில்லை. ஒரு டிக்கெட் இருந்தது.

நானும் போகணும். என்ன தெரிஞ்சிருக்கணும்?

லான்ஸ்டவுன் ரோடு ரயில் நிலையம் ஸ்டேடியத்தை ஒட்டியே இருக்கிறது, கார் வேண்டாம். உள்ளே இரண்டு தடிமனான சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இருக்கையில் பிளாஸ்டிக் குளிர் ஏறும். டிக்கெட் வாங்கும்போது எந்த அணியின் பக்கம் என்று பாருங்கள். எதிரணி நிறத்தில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தால் அடிக்க மாட்டார்கள், ஆனால் இரண்டு மணி நேரம் உங்களைப் பற்றிப் பாட்டு வரும்.

இன்னொன்று. ஆட்டம் முடிவதற்கு முன்னால் ரயிலைப் பிடிக்க எழுந்து போகாதீர்கள். 2016க்குப் பிறகு கார்க்கில் யாரும் அந்தத் தப்பைச் செய்வதில்லை.

தோத்த டீம் ஃபிரண்டு மறுநாள் ஆபீஸுக்கு வருவான். என்ன சொல்றது?

"ஹார்ட் லக்" என்று ஒரு முறை. அதற்கு மேல் வேண்டாம். 'நல்லா ஆடினீங்க' என்று சேர்க்கவே சேர்க்காதீர்கள். 2021 நவம்பர் 29 காலையில் நான் அதைச் சேர்த்துவிட்டேன். எதிர் மேஜையில் இருந்த போஸ்காரர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "எத்தனை வருடமாகப் பார்க்கிறாய்?" என்று கேட்டார்.

"நேற்றிலிருந்து" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிப்ரவரியில் லீக் தொடங்கியதும் டேலிமவுன்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மஃப்ளரை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார்.